வரேன் என்று சொல்லிவிட்டு வந்த வீடு

பந்தல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாலு மூங்கில், மேலே பச்சைத் தென்னங்கீற்று, அவ்வளவுதான். வெயில் ஏற ஏறக் கீற்று வாடி ஒரு வாசனை கிளம்பியது. கூடவே ஊதுவத்தி, சாமந்தி, எல்லாவற்றுக்கும் அடியில் கருவாடு. இன்றைக்கும் எங்காவது பச்சைக் கீற்றுப் பந்தலுக்குள் நுழைந்தால் என் காது மடல் சூடாகிவிடும். கல்யாணப் பந்தலாக இருந்தாலும் அதே கதைதான்.

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு தை மாதம். மகாபலிபுரத்துக்குத் தெற்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு மீனவக் குப்பம். அங்கே மாணிக்கத்தின் வீட்டு வாசலில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மாணிக்கம் இறந்து இரண்டாம் நாள். கல்பாக்கத்தில் ஆபீஸ் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். காமாலை வந்து, பார்க்காத வைத்தியமெல்லாம் பார்த்து, கடைசியில் போய்விட்டார். எனக்குத் தகவல் வரும்போது அடக்கமே முடிந்திருந்தது. வழக்கமான சுற்றில் இருந்தவன் அப்படியே பஸ் பிடித்து வந்துவிட்டேன். அதனால் தோல்பையும் கையோடு வந்துவிட்டது. அதை டீக்கடையிலாவது வைத்துவிட்டு வந்திருக்கலாம். தோன்றவில்லை.

உள்ளே பெண்கள் அழுது ஓய்ந்திருந்தார்கள். மாணிக்கத்தின் மனைவி பூங்காவனம் நிலைப்படிக்கு உள்ளே சுவரில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் மகள் கஸ்தூரி. பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பெண். பள்ளிக்கூடத்துத் தாவணியிலேயே இருந்தாள். மாணிக்கத்தின் தம்பி ஏழுமலை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடலுக்குப் போகிறவன், நல்ல ஆகிருதி.

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் பேச என்ன இருக்கிறது? உட்கார்ந்தேன். தரையைப் பார்த்தேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாமென்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்ப எழுந்தேன்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘வரேன்’ என்று சொல்லக்கூடாது. ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். இதை யாரும் யாருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும்.

தெரிந்து என்ன பிரயோஜனம்? எழுந்தேன், பையை அக்குளில் இடுக்கினேன், பூங்காவனம் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தைக் கண்டதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அப்ப நான் வரேம்மா. நான் வர்ற வரைக்கும் யார் கேட்டாலும் காசு குடுத்துடாதீங்க.”

சே! எழுதும்போதே கை கூசுகிறது.

பந்தலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. ஏழுமலை பந்தல் காலை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

“யோவ் ஸார், இன்னா வார்த்த சொன்ன? எழவு வூட்ல நின்னுகினு வரேன்றியா? இன்னொரு எழவுக்கு வரப்போறியா?”

“இல்லப்பா, வாய் தவறி வந்துடுச்சு...”

“இன்னா வாய் தவறி? எங்கண்ணன் குழி ஈரங்கூட காயல. அதுக்குள்ள காசு, துட்டுன்னு பைய தூக்கிகினு வந்துட்ட. போய்யா!”

ஒரு வயதான அம்மா நான் நின்ற இடத்தில் செம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டார். செருப்பைத் தேடினேன். ஒன்று கிடைத்தது, மற்றது கூட்டத்துக்குள் எங்கோ போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு நான் விழித்துக்கொண்டு நின்றபோது கஸ்தூரிதான் எழுந்து வந்தாள். கிடந்த மற்ற செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அழுது சிவந்த கண்ணோடு அந்தக் குழந்தை எனக்குச் செருப்பு தேடித் தந்தது.

அந்த வாக்கியம் பழகிய கதை

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு நான் முதலீட்டு ஆலோசகன். ஏ.சி. அறை, கண்ணாடி மேஜை, வருகிறவர்களுக்குக் காபி. போன வாரம் என் முதல் ஸ்கூட்டரை வாங்கிய பெருமையை வேறு பக்கம் பக்கமாக அளந்திருந்தேன். அந்த நாளில் எங்களுக்கு ஒரே பெயர்தான். ஏஜெண்ட். தபால் ஆபீஸ் சேமிப்பானாலும் சரி, கம்பெனி டெபாசிட்டானாலும் சரி, செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கித்தான் ஆள் பிடிக்க வேண்டும்.

ஏஜெண்டைக் கண்டால் ஊர் ஓடும். கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலை கடைசியில்தான் நிரம்பும். என் மைத்துனர் வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளே பாடிக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று ஊமையாகிவிடும். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் அவர்களுக்கு எதிர்ச்சாரியில் திடீரென்று வேலை முளைத்துவிடும். என் மனைவி சரோஜா உறவுக்காரர் விசேஷத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் என் பையைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவாள்.

“இன்னிக்கு ஒரு நாளாவது மனுஷனா வாங்க” என்பாள்.

எனக்குக் கோபம் வரும். நான் என்ன திருடவா போகிறேன், நாலு பேர் நன்மைக்குத்தானே சொல்கிறேன் என்று கத்துவேன். கத்திவிட்டு, பந்தியில் பாயசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரரிடம் பென்ஷன் பணத்தை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பேன். அவள் எதிர்ப் பந்தியிலிருந்தே என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வாக்கியம் இப்படித்தான் உருவாயிற்று. எந்த வீட்டிலும் முதல் தடவையே பணம் பெயராது. யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். நான் அந்தப் பக்கம் போனதும் சீட்டுக்காரர் வருவார், தவணைக்குப் பாத்திரம் கொடுப்பவர் வருவார், புடவை மூட்டைக்காரர் வருவார். அதனால் கிளம்பும்போது ஒரு பூட்டுப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். “நான் வரேன், நான் வர்ற வரைக்கும் யார் கேட்டாலும் காசு குடுத்துடாதீங்க.” சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். அவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு அடுத்து வருகிறவரிடம் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

எத்தனை வீட்டில் அதைச் சொல்லியிருப்பேனோ, கணக்கே கிடையாது. ஒரு வீட்டில்கூட யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொள்வார்கள் என்று நானும் நினைத்ததில்லை.

டீக்கடைப் பழக்கம்

கல்பாக்கத்தில் அப்போது கட்டட வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சம்பள நாளில் வெளியே டீக்கடையில் எங்கள் கூட்டம் காத்திருக்கும். பாத்திரக்காரர், புடவைக்காரர், சீட்டுக்காரர், நான். ஆபீஸ் பஸ் வந்து நின்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்போம். இறங்குகிறவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிடுவார்கள். பஸ்ஸை நிறுத்திவிட்டு நிதானமாக டீ குடிக்க வருகிற ஒரே ஆள் மாணிக்கம்தான்.

“ஸார், மாசம் பொறந்தா பத்து கை நீளுது. எவங்கிட்ட குடுத்தாலும் திரும்பி வர்ல. உங்ககிட்ட குடுத்தா மட்டும் வந்துருமா?” என்றார் ஒரு நாள்.

“என்கிட்ட எதுக்குக் குடுக்கணும்? தபால் ஆபீஸ்ல கட்டுங்க. உங்க பேர்லயே இருக்கும்.”

“அப்ப உங்களுக்கு இன்னா லாபம்?”

கமிஷன் உண்டு என்றேன். மறைக்காமல் சொன்னது அவருக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து மாதம் தவறாமல் கட்டினார். குப்பத்தில் அவர் ஒருவர்தான் கடலுக்குப் போகாத மாதச் சம்பளக்காரர். அந்தப் பெருமையும் உண்டு, பயமும் உண்டு.

“பொண்ண டீச்சராக்கணும் ஸார்” என்பார். “மீன் கூட தூக்கறது எங்கம்மாவோட, எம் பொஞ்சாதியோட போவட்டும். இவ தலைல ஏறக்கூடாது.”

ஒரு முறை என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய், பொரித்த வவ்வால் மீனும் சோறும் போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது மனைவியிடம், “தோ பாரு, துட்டு விஷயம்னா ஸார் சொல்றதுதான். எவன் வந்து கேட்டாலும் சரி, ஸார கேக்காம கை வைக்காத” என்றார். பூங்காவனம் தலையாட்டினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். மனைவியே பையைப் பூட்டி வைக்கிற ஆளுக்கு, ஒரு வீட்டிலாவது இப்படி ஒரு மரியாதை கிடைத்ததே என்று வழியெல்லாம் சந்தோஷம்.

அந்த மரியாதை இருந்த வீட்டில்தான் அன்று என்னை ‘போய்யா’ என்றார்கள்.

போகாமல் இருந்ததற்குக் காரணங்கள்

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. கல்பாக்கத்துக்கு மகாபலிபுரம் வழியாகப் போவதை விட்டுவிட்டுச் சுற்றி வேறு பஸ்ஸில் போனேன். டீக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அங்கேயும் சீட்டுக்காரர் விடவில்லை. “என்ன ஸார், எழவு வீட்டுல போய் பாலிசி பேசினீங்களாமே?” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆபீஸிலிருந்து மாணிக்கத்துக்குச் சேர வேண்டிய பணம் வந்துவிட்டது, பூங்காவனம் பெயரில் தபால் ஆபீஸில் கிடக்கிறது என்பதும் அங்கேதான் காதில் விழுந்தது. இப்போதாவது போயிருக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு, நான் போனால் பணத்துக்காக வந்தான் என்பார்களே என்று சொல்லிக்கொண்டேன். பிறகு ஆடி முடியட்டும் என்றேன். காரணத்துக்கா பஞ்சம்?

“ஒரு தடவை போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுங்களேன். அதோட போச்சு” என்றாள் சரோஜா.

“உனக்கென்ன தெரியும்? அந்த ஏழுமலை அடிச்சாலும் அடிப்பான்” என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அடிக்குப் பயந்தேனா? இல்லை. அந்த வாசலில் மறுபடி நின்றால் என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் பயம்.

இன்றைக்கு எங்கள் தொழிலில் ஒரு நல்ல அறிவுரை உண்டு. வீட்டில் ஒரு மரணம் நடந்தால் கொஞ்ச காலத்துக்குப் பணத்தைத் தொடாதீர்கள், பொறுமையாக இருங்கள், பதற்றத்தில் எடுக்கிற முடிவு தப்பாகும். நானும் சொல்கிறேன். சரியான அறிவுரைதான். சந்தை விழுந்தாலும் பொறுமை, ஏறினாலும் பொறுமை. அந்த வருஷங்களில் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் ஏறின, தங்கம் ஏறியது, என் பேச்சைக் கேட்டு வளையலை விற்று டெபாசிட் போட்டவர்களிடமும் பொறுமை என்றுதான் சொன்னேன். சொல்கிறவனுக்கு அதில் ஒரு செலவும் கிடையாது.

மகாபலிபுரம் கரையில் காலையில் கட்டுமரம் ஏறியதும் மீன் ஏலம் நடக்கும். ஈர மணலில் மீனைக் கொட்டி, நின்ற வாக்கிலேயே விலை சொல்லி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். நாளைக்கு விலை ஏறுமா பார்ப்போம் என்று அங்கே எவனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டான். நின்றால் மத்தியானம் அது கருவாட்டுக்குத்தான் ஆகும். நான் அதை எத்தனையோ காலையில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று துணியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பேப்பர்

அந்த ஆனி மாதம் ஒரு நாள், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திருக்கழுக்குன்றத்துப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து மீன்காரப் பெண்கள் இறங்கினார்கள். கண்டக்டர் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தார். அவர்கள் நடுவில் கஸ்தூரி.

தலையில் ஒரு மீன் கூடை. பழக்கமில்லாதது தெரிந்தது, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. ஒரு கை கூடையில், இன்னொரு கையில் ஒரு மஞ்சள் பையை மார்போடு அணைத்திருந்தாள். மற்ற பெண்கள் மார்க்கெட் பக்கம் நடந்தார்கள். அவள் மட்டும் நின்று, யாரையோ தேடுகிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

அவள் பார்வை என் பெஞ்சுக்கு வருவதற்குள் நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணுக்கு எதிரே பங்கு விலைப் பக்கம். ஏதோ ஒரு சிமெண்ட் கம்பெனியின் விலை. அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். வேர்வையில் மை விரலில் ஒட்டிக்கொண்டது. கூடையிலிருந்து சொட்டிய தண்ணீரின் வாடை கிட்டத்தில் வந்தது, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, பிறகு விலகிப் போனது. பேப்பரை இறக்கியபோது அவள் இல்லை.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொன்னேன். “மாணிக்கம் பொண்ணைப் பார்த்தேன். கூடை தூக்க ஆரம்பிச்சுடுச்சு. டீச்சராக்கணும்னு அந்த மனுஷன் எப்படித் தவிச்சான், இதுக்குப் படிப்பு ஏறலை போலிருக்கு.”

“நீங்க பேசினீங்களா?”

“அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு.”

அப்பன் கனவைப் பெண் வீணடித்துவிட்டாள் என்று ராத்திரி சாப்பிடும்போதுகூட வருத்தப்பட்டேன். என்ன ஒரு வருத்தம் பாருங்கள்!

மாசி மகம்

அடுத்து வந்த மாசி மகத்துக்கு மகாபலிபுரம் போக வேண்டும் என்று சரோஜா பிடிவாதம் பிடித்தாள். எனக்கு இஷ்டமில்லை. கூட்டத்தில் யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று தைரியம் வரவழைத்துக்கொண்டு போனேன். ஈரத்துணியோடு கரையேறிக்கொண்டிருக்கிறோம், பின்னால் ஒரு குரல்.

“ஸார்! வந்துட்டீங்களா?”

பூங்காவனம். ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. ஓடிவந்து சரோஜாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“யம்மா, உங்க வூட்டுக்காரு மட்டும் அன்னிக்கு அந்த வார்த்த சொல்லாங்காட்டி எங்கதி அதோகதிம்மா. வாங்க, வூட்டுக்கு வந்துட்டுதான் போவணும்.”

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் புரியாமல் மணலில் பின்னால் நடந்தேன்.

குப்பத்தில் ஏழுமலை வாசலில் உட்கார்ந்து பழைய பருத்தி வலையை ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து அதே மர ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

“குந்துங்க ஸார். அன்னிக்கு கோவத்துல பேசிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க.”

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“கருமாதி முடிஞ்ச மறுநாளே ஆரம்பிச்சிட்டாங்க ஸார்” என்றார் பூங்காவனம். “ஒருத்தன் சீட்டு போடுன்றான், ஒருத்தன் வட்டிக்கு வுடுன்றான். தோ, எங்கொழுந்தன், நைலான் வல வாங்கித்தா அண்ணின்னு ஒரே பேஜாரு. நான் ஒரே வார்த்ததான். ஸார் வரேன்னு சொல்ட்டு போயிருக்காரு, அவரு வர்ற வரைக்கும் யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன். எல்லாம் சிரிச்சாங்க ஸார். எழவு வூட்ல வரேன்னவன் எங்கடி வருவான்னாங்க. நான் சொன்னேன், வந்தவங்க அத்தினி பேரும் ஒண்ணியும் சொல்லாம எழுந்து பூட்டாங்க, அவரு ஒருத்தர்தான் வரேன்னாரு, அவரு வருவாருன்னேன். தோ வந்துட்டீங்க. ஒரு பைசா எடுக்கல ஸார். போட்டது போட்டபடி கீது.”

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். நான் உளறியது ஒரு குடும்பத்தின் பணத்தைக் காப்பாற்றிவிட்டதே என்று ஒரு நிமிஷம் குளிர்ந்துபோனேன்.

அப்போது கஸ்தூரி வந்தாள். கூடையை இறக்கி வாசலில் கவிழ்த்து வைத்தாள். இப்போது கழுத்து சாயவில்லை, நன்றாகப் பழகியிருந்தது.

“என்னம்மா, டீச்சர் டிரெய்னிங்குக்குப் போடலையா?” என்று கேட்டேன். பெரிய மனுஷத் தோரணையில்.

பூங்காவனம்தான் சொன்னார்.

“போட்டா ஸார். சீட்டும் வந்துச்சு, செங்கல்பட்டுலயே. பீஸு, ஹாஸ்டலு எல்லாம் ஒரே தபாவா கட்டணும்னாங்க. நக நட்டெல்லாம் அவரு வைத்தியத்துக்கே பூட்ச்சி.”

“தபால் ஆபீஸ்ல பணம் இருந்ததேம்மா?”

“யார் கேட்டாலும் குடுக்காதன்னீங்களே ஸார்.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை. எனக்கே நான் சொன்னதை ஞாபகப்படுத்துகிற குரல்.

“இவளுக்கு எடுத்தா கொழுந்தன் சும்மா இருப்பாரா? பொண்ணுக்கு எடுக்கற, எனக்குன்னா மட்டும் ஸார் வரணுமான்னு கேக்க மாட்டாரா? அவருக்கு குடுத்தா அடுத்தவன் கேப்பான். அத்தொட்டு யாருக்குமே இல்லன்னுட்டேன். உங்கள பாத்து ஒரு வார்த்த கேட்டுகினு வாடின்னு இவள செங்கல்பட்டுக்கு அனுப்பினேன். கூடக்காரங்களோட ஏத்தி வுட்டேன். பஸ்ஸு சார்ஜிக்கோசரம் ஒரு கூடைய தூக்கிகினு போனா. நீங்க கெடைக்கலன்னு வந்துட்டா. கடசி தேதியும் பூட்ச்சி.”

அந்த மஞ்சள் பை. அதற்குள் சர்டிபிகேட்டுகள் இருந்திருக்கும்.

“கெடச்சாரும்மா” என்றாள் கஸ்தூரி.

எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

“பஸ்டாண்டுல பெஞ்சு மேல குந்திகினு இருந்தாரு. என்ன பாத்தாரு. பாத்துட்டு பேப்பர தூக்கி மூஞ்சிய மறச்சிகினாரு. நான் எதிர்லயே நின்னேன். எறக்கல.”

“ஏண்டி, இத்தினி நாளு ஏன் சொல்லல?”

“ஒளிஞ்சிக்கிற ஆளுகிட்ட போய் இன்னாத்த கேக்கறது? உங்கிட்ட சொன்னா, நீ நம்பிகினு கீற ஒரு ஆளும் இல்லாம பூடும். அதான் சொல்லல.”

ஏழுமலை வலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டான். அவன் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரோஜா என் பக்கம் திரும்பவே இல்லை.

“அடுத்த வருஷம் மறுபடி போட்டா...” என்று ஆரம்பித்தேன். என் காதுக்கே அது ஏஜெண்ட் குரலாகக் கேட்டது. நிறுத்திவிட்டேன்.

பூங்காவனம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார். “வைகாசில இவளுக்கு கல்யாணம் ஸார். பக்கத்து குப்பத்து புள்ள. சும்மா வூட்ல வச்சிகினு இன்னா பண்றதுன்னு பேசி முடிச்சிட்டோம். துட்டு எடுக்கணும். இப்பனாச்சும் எடுக்கலாமா ஸார்?”

அந்தக் கேள்வியில் குத்தல் இருந்ததா, நிஜமாகவே கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் என்னால் தாங்க முடியவில்லை.

“உங்க பணம்மா அது. என்னைக் கேக்கவே வேண்டாம். அன்னிக்கும் கேக்க வேண்டியதில்லை” என்றேன். அது அவர்கள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது. குரல் அவ்வளவுதான் வந்தது. மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

கிளம்பினோம். சரோஜா பூங்காவனத்தின் தோளைத் தொட்டு, “போய்ட்டு வரோம்மா” என்றாள். “வாங்கம்மா. கல்யாணத்துக்கு வரணும்” என்றார் அவர். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கல்யாணம் வைத்திருக்கிற வீடு. வரேன் என்று சொல்லித்தான் கிளம்ப வேண்டும். சொல்லக்கூடாத அன்றைக்குத் தானாகத் திறந்த வாய், இன்றைக்குத் திறக்கவில்லை. செருப்பு இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. மாட்டிக்கொண்டு மணலில் இறங்கிவிட்டேன்.

நாலு அடி போயிருப்பேன். பின்னால் கஸ்தூரியின் குரல் கேட்டது.

“யம்மா, இந்த தபா ஸார் ஒண்ணியும் சொல்லாம போறாரு. இனிமேட்டு நீ யாருக்கும் காத்துகினு கெடக்க வாணாம்.”